இரண்டாவது இலை

எனக்கு வாட்டம் சரியில்லாத தரையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடமாகத் தரை போடுகிறவன் நான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தரைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. யார் வீட்டுக்காவது விருந்தாளியாகப் போனால்கூட, செருப்பைக் கழற்றும்போதே கண் கீழே போய்விடும். "சாப்பிட வந்தீங்களா, தரையை அளக்க வந்தீங்களா?" என்று என் மனைவி முழங்கையால் இடிப்பாள்.

இதை முதலில் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால், அக்காவின் ஏழு வருடத்தை நான் ஏன் மண்ணை இறுக்கும் திமிசுக்கட்டையால் இடித்துத் தள்ளினேன் என்பது உங்களுக்குப் புரியாது. வேண்டுமென்றே செய்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பனி கொட்டுகிற இந்தக் குளிர் ஊரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். கோடையில் அதன் அடியில் நின்றால் மத்தியானமா சாயங்காலமா என்றே தெரியாது, அவ்வளவு நிழல். குடிவந்த புதிதில் என் மனைவி அங்கே ரோஜா வைத்தாள், அது கோபித்துக்கொண்டு செத்தது. புல் விதைத்தாள், அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த இடம் உருப்படாது" என்று கைகழுவிவிட்டாள். அப்புறம்தான் அக்கா வந்தாள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அத்தான் இறந்த வருடம் இரண்டு பெட்டிகளோடு எங்கள் மாடியறைக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை, கட்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தவில்லை. "அண்ணி இங்க இருக்கறவங்க மாதிரியே இல்லைங்க. ரயிலுக்குக் காத்திருக்கறவங்க மாதிரி இருக்காங்க" என்று என் மனைவி வருத்தப்படுவாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதை எப்படிக் கேட்பது? எனக்குத் தரையைப் பற்றிப் பேச வரும், மற்றதெல்லாம் தொண்டையில் நின்றுவிடும்.

அவள் கை வைத்த ஒரே இடம் அந்த மரத்தடி. "மரத்துல இலை வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆறு வாரம் வெயில் கீழ எறங்குமில்ல? அந்த ஆறு வாரம் போதும்டா" என்றாள். நான் சிரித்தேன். அடுத்த வருடம், பனி முழுசாகக் கரையக்கூட இல்லை, மதில் சுவரோரம் வெள்ளை வெள்ளையாகக் கம்மல் மாதிரிப் பூ தொங்கியது. கடையில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு, அக்காவுக்கு அது கம்மல்தான். அதன் பின்னாலேயே கருஞ்சிவப்பில், தலையை நிமிர்த்தவே நிமிர்த்தாத இன்னொரு பூ. அதற்கு வெட்கக்காரி என்று பெயர் வைத்தாள். தெரு முழுக்க மொட்டையாகக் கிடக்கும்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில் மட்டும் பூ. வேலைக்குப் போகிற அவசரத்திலும் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனால் அக்கா காத்திருந்தது அவற்றுக்காக இல்லை. புள்ளிக்காரி என்று ஒன்று. மீன் முதுகுபோல இலையில் பழுப்புப் புள்ளிகள் இருக்குமாம், பூ மஞ்சளாம். எல்லோரும் கிழங்காக வாங்கி நடுவார்கள். அக்கா விதை போட்டாள்.

"கிழங்கு வாங்கினா ரெண்டு வருஷத்துல பூத்துடுமேக்கா?"

"எனக்கென்ன அவசரம், வண்டியா கெளம்புது?" என்றாள்.

விதையிலிருந்து வருகிற புள்ளிக்காரிக்கு வருடத்துக்கு ஓர் இலைதான். வசந்தத்தில் ஒற்றை இலை வரும், அந்த ஆறு வாரம் வெயில் குடிக்கும், மரம் தழைத்ததும் சுவடே இல்லாமல் மண்ணுக்குள் போய்விடும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் பெரிதாக, மறுபடி ஒற்றை இலை. என்றைக்கு இரண்டு இலை வருகிறதோ அன்றைக்குத்தான் பூ. ஆறு வருடம் அக்கா ஒற்றை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பார்க்கவில்லை. வசந்தம்தான் எங்கள் தொழிலில் வேலை குவிகிற காலம், விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். புள்ளிக்காரியும் மதில் சுவரோரம் எங்கேயோ இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன இலையுதிர்காலத்தில் அக்கா ஓட்டுநர் பயிற்சிக்கு மூன்று நாள் வெளியூர் போனாள். எனக்கு அந்த வாரம் வேலை இல்லை. வேலை இல்லாத நான் ஒரு ஆபத்தான ஆள். பின்கதவைத் திறந்தேன். படிக்கு முன்னால் நாலடிக்கு எட்டடி ஒரு வெறும் மண் துண்டு, வாட்டம் வீட்டைப் பார்த்து. மழைத் தண்ணீர் வருடக்கணக்காகச் சுவரடிக்கு வந்து நின்று, பூச்சு உப்பிப்போயிருந்தது. தரை போடுகிறவன் வீட்டுச் சுவரே இப்படி என்றால் ஊர் சிரிக்காதா?

மண்ணில் நாலைந்து ஐஸ்கிரீம் குச்சிகள் செருகியிருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று திட்டிக்கொண்டே பிடுங்கி எறிந்தேன். மேல்மண்ணைச் சீவினேன். ரசமட்டம் வைத்து, வெளிப்புறம் பார்த்து வாட்டம் கொடுத்தேன். திமிசுக்கட்டையால் இடி இடியென்று இடித்து, ஜல்லி பரப்பி, அதையும் இடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை. கல் பாவுவது ஒன்றுதான் பாக்கி.

அக்கா பயணப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பின்கதவில் வந்து நின்றாள்.

"குச்சிங்க எங்கடா?"

"எந்தக் குச்சி?" என்றேன்.

அவள் அந்த ஜல்லியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை, நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்கள் குடும்பத்தில் கத்துவதற்குப் பஞ்சமே இல்லை. அவள் பையோடு அப்படியே மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்னிடம் பேசவில்லை.

என் மனைவிதான் அக்காவுக்கும் சேர்த்து வைத்துப் பேசினாள். "உங்களுக்கு இருக்கறது கண்ணா, புண்ணா? ஆறு வருஷமா அந்தப் படியில உக்காந்து அண்ணி எதைப் பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு நெனச்சீங்க? காத்தையா? அந்தக் குச்சிங்க, புள்ளிக்காரி இருக்கற எடத்துக்கு அவங்க வெச்ச அடையாளம்!" கொஞ்சம் அடங்கிச் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு தடவை சொன்னாங்க. இந்த மண்ணுல நான் போட்டது ஒண்ணு பூத்துட்டா இது என் வீடுன்னு நெனச்சுக்குவேன்னு சொன்னாங்க. வர்ற வருஷம் பூக்கும்னு இருந்தாங்க."

எனக்குக் காலடியில் தரை நழுவியது.

அடுத்த நாளே செடிக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "தோண்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டதும் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"கொன்னுடுவீங்க. எத்தனை வருஷத்துச் செடி?"

"ஆறு முடிஞ்சு ஏழு."

"எவ்வளவு ஆழம் இடிச்சீங்க?"

தொழில் கேள்வி. "மேல நாலு விரக்கடை கல்லு மாதிரி இறுகியிருக்கும். அதுக்குக் கீழ அவ்வளவா போகாது."

அந்த அம்மா ஒரு விரலைத் தரையை நோக்கி மெதுவாக இறக்கிக் காட்டினார். "இந்தச் செடி மேல பாத்து மட்டும் வளர்றதில்ல சார். சின்னதா இருக்கறப்போ வருஷா வருஷம் வெள்ளையா ஒரு நூல் விடும். அந்த நூல் நுனியில அடுத்த கிழங்கு, இன்னும் கொஞ்சம் கீழ. இப்படியே தன்னைத்தானே எறக்கிக்கிட்டே போகும். ஆறு வருஷம்னா இந்நேரம் ஒரு சாணுக்குக் கீழ போயிருக்கும். கிழங்கு பொழச்சிருக்கும்."

நான் அசந்துபோனேன். அக்கா மேலே உட்கார்ந்து ஒரு இலை, ஒரு இலை என்று பார்த்துக்கொண்டிருந்த ஆறு வருடமும், அது கீழே ஒரு நூலை விட்டு நூலை விட்டு, யாரும் சொல்லாமல், தனக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறது. அரிசி அளவு இருக்கிற ஒரு பொருள் அளவு தப்பாமல் ஒரு சாண் இறங்கியிருக்கிறது!

"ஆனா மேல வரணுமே," என்றார் அந்த அம்மா. "ஜல்லியை எடுத்துடுங்க, கையால. சருகைப் போட்டு மூடுங்க. மத்தபடி ஒண்ணும் பண்ணாதீங்க."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எனக்குத் தெரியாத வேலை. முட்டி போட்டு, ஜல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நாலு நாள் ஆனது. மாடி ஜன்னலில் அக்கா நிற்பது தெரியும், நான் நிமிர்ந்தால் திரை ஆடும். மரம் உதிர்த்த இலைகளை அள்ளிக்கொண்டு வந்து பரப்பினேன். அதற்குப் பிறகு பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தை எங்கள் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். ஒரே மேஜையில் மூன்று பேரும் சாப்பிடுவோம். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்று அக்கா என் மனைவியிடம் சொல்வாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும். "தள்ளச் சொல்றாங்க" என்பாள் மனைவி. தள்ளுவேன். மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நாலு தடவையும் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கும் ரோஷம் இருக்கிறது, ஒரு வாரம் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கண்டுகொள்ளாததால் இறக்கி வைத்துவிட்டேன்.

பனியை நான் தொழில்ரீதியாக வெறுக்கிறவன். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்தால் ஊதும், ஊதினால் தரையைத் தூக்கிவிடும். நான் ஒட்டிய கல்லை எல்லாம் பெயர்த்துப் போட்டிருக்கிறது. அந்த வருடம் குளிர்காலத்தின் கடைசியில் ஒருநாள் காலை, சருகைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். நான் இடித்து இறுக்கிய மண், கை அகலத் துண்டுகளாக வெடித்து மேலே எழும்பியிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கு அடியிலும் ஊசி ஊசியாக ஐஸ், ஆயிரக்கணக்கில், நேராக நின்று மண்ணைத் தலையில் சுமந்துகொண்டிருந்தது. ஒரு ஊசியைத் தொட்டால் விரல் சூட்டில் கரைந்துபோகிறது. அதெல்லாம் ஒன்று சேர்ந்து என் திமிசுக்கட்டை செய்த வேலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. "போடு, நல்லாப் போடு" என்று வாய்விட்டுச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனிக்கு நன்றி சொன்னேன்.

பனி கரைந்தது. கம்மல் தொங்கியது, வெட்கக்காரி வந்தாள். என் மண் துண்டில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது.

அப்போதுதான் மனைவி சொன்னாள். "அண்ணி பஸ் டிப்போ பக்கத்துல ஒரு ரூம் பாத்துட்டாங்க. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை போறாங்களாம்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"கெஞ்சினேங்க. கோபமெல்லாம் போயிடுச்சும்மான்னு சொல்றாங்க. ஆனா என் பொருள் எது, வெறும் மண்ணு எதுன்னே அவனுக்குத் தெரியாத வீட்டுல நான் எதுக்கு இருக்கணும்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

அக்கா கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் வலித்தது.

அதற்கு மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போலக் குனிந்தேன். ஒரு காய்ந்த சருகு தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது. காற்று இல்லை. இன்னும் குனிந்தேன். அந்தச் சருகின் நட்டநடுவில் ஓட்டை போட்டுக்கொண்டு, சுருட்டிய இலை ஒன்று, பென்சில் முனை மாதிரி, மேலே வந்திருந்தது. சருகைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியாமல் இல்லை, குறுக்கே இருந்தது, குத்திக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். விரித்தால் வெற்றிலையைவிட மென்மையான இலை. நான் ஓட்டை போட வேண்டுமென்றால் மின்சாரமும் வைர முனையும் வேண்டும்.

அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனேன். நாலைந்து நாளில் பதினேழு இலை. பதினேழும் பழுப்புப் புள்ளியோடு, பதினேழும் ஒற்றை.

அக்காவும் பார்த்தாள். படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து வந்து என் மனைவியிடம், "உயிரோட இருக்குதுங்க, போதும். தோண்டி எடுத்துட்டுப் போகவும் முடியாது, நீ பாத்துக்கோ" என்றாள். ஞாயிறு மாறவில்லை.

நான் தினமும் காலையில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. எண்ணினால் கூடிவிடுமா என்ன? ஆனாலும் எண்ணினேன். அந்த வியாழக்கிழமை, சாந்து காய வேண்டியிருந்ததால், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல வெயில். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வெயில் தங்கு தடை இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. படியின் மறைவில், மரத்தின் வேர் மேலெழும்பிய இடத்தில், நான் இதுவரை எண்ணாத ஒன்று நின்றது.

இரண்டு இலை. எதிரும் புதிருமாக, கும்பிடக் குவித்த கை கொஞ்சம் விரிந்தது மாதிரி. நடுவிலிருந்து ஒரு தண்டு. தண்டின் நுனியில் தலைகீழாக ஒரு மஞ்சள் பூ, ஆறு இதழையும் பின்னால் வளைத்துக்கொண்டு, வெயிலில் திறந்து நின்றது.

எனக்கு மூச்சு விடப் பயமாக இருந்தது. ஏழு வருடம். மண், இருட்டு, நூல் நூலாக இறங்கிய பயணம், என் திமிசுக்கட்டை, ஐஸ் ஊசி, சருகு, எல்லாவற்றையும் தாண்டி இந்தக் கட்டைவிரல் அளவு மஞ்சள். கடவுளே என்றேன்.

அக்கா முன்பு சொல்லியிருக்கிறாள், வெயில் போனால் புள்ளிக்காரி மூடிக்கொள்வாள் என்று. மேகம் மேற்கே குவிந்துகொண்டிருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மழை என்று காலையில்தான் வானொலியில் சொன்னார்கள். அக்கா வேலை முடிந்து வர ஐந்து மணி ஆகும். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், வெட்டிவிட்டாள்.

சாந்துக் கையோடு டிப்போவுக்கு ஓடினேன். இரண்டு தெரு தாண்டி, மூச்சு வாங்க, அவள் பேருந்தின் முன்னால் போய் நின்றேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். பேருந்து காலி. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு மறுபடி டப்பாவைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"ரெண்டு, அக்கா!" என்று கத்தினேன். "ரெண்டு எலை! பூத்துடுச்சுக்கா!"

டப்பாவை மூடினாள். கதவு புஸ்ஸென்று திறந்தது. ஏறினேன். பன்னிரண்டு வருடத்தில் தன் பாதையை விட்டு ஒரு தெரு விலகாதவள், காலிப் பேருந்தை எங்கள் தெருவுக்குள் திருப்பினாள்.

பின்கட்டில் நான் கை காட்டியதும் நின்றாள். பூ கீழே பார்த்துக்கொண்டிருந்தது, நின்றபடி பார்த்தால் முதுகுதான் தெரியும். சீருடையோடு அந்த ஈர மண்ணில் அப்படியே குப்புறப் படுத்தாள், கன்னத்தைச் சருகில் வைத்து, கீழிருந்து பூவின் முகத்தைப் பார்த்தாள். நானும் எதிர்ப்பக்கம் படுத்தேன். உள்ளே செம்பழுப்பில் பொடிப் பொடியாகப் புள்ளி, வெயில் இதழுக்குள் புகுந்து உள்ளேயே விளக்கு எரிவதுபோல இருந்தது. அக்காவின் கண்ணிலிருந்து வழிந்தது மூக்கைத் தாண்டிச் சருகில் விழுந்துகொண்டிருந்தது.

"டேய்," என்றாள்.

ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. நான் தலையைத் தூக்கினேன்.

"தள்ளிப் படுடா. வெயிலை மறைக்கிற."

தள்ளிப் படுத்தேன். அவ்வளவு வேகமாக நான் யார் சொல்லியும் எதுவும் செய்ததில்லை. வெயில் பூவின் மேல் முழுசாக விழுந்தது.

"இது காய்க்கும்," என்றாள் அக்கா, பூவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ரெண்டு மாசத்துல விதை விழும். எறும்பு தூக்கிட்டுப் போறதுக்குள்ள பொறுக்கணும். அந்த வேர் பக்கமா போடலாம்."

"போட்டா?"

"போட்டா மொதல்ல இருந்துதான். ஒத்த எலை. இன்னும் ஏழு வருஷம்."

தொண்டையில் நின்றுவிடுமோ என்று பயந்தேன். நிற்கவில்லை.

"ஏழு வருஷம்தானேக்கா," என்றேன். "இரு."

மண் அப்பிய கையை நீட்டி என் உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். கையை எடுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "இருக்கேன்டா" என்றாள்.